வகுப்பில் பேசத் தடுமாறும் பிள்ளை: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் நாலு நாள் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் வராந்தாவில்தான் இருப்பேன். எந்த ஊருக்குப் போனாலும் அதே கேள்விகள். இனி பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. தனியார் பள்ளிப் பெற்றோருக்கும் பெரும்பாலும் இவை பொருந்தும்.

பேச்சுப் பிரச்சினை என்றால் திக்குவாயும் மழலையும்தானே?

அவை இரண்டும் காதில் விழும், அதனால் எல்லாருக்கும் தெரிகிறது. வகுப்பில் அதிகம் இருப்பது காதில் விழாத வகை. சொன்னது முழுதாகப் புரியாத பிள்ளை, மனதில் இருப்பதற்கு வார்த்தை அகப்படாத பிள்ளை, வார்த்தை இருந்தும் அதை வாக்கியமாகக் கோக்க வராத பிள்ளை, எப்போது பேசுவது எப்போது நிறுத்துவது என்பது பிடிபடாத பிள்ளை. இவர்கள் யாரும் தொந்தரவு கொடுப்பதில்லை. அதனாலேயே கண்ணில் படுவதில்லை.

ஒரு மூன்றாம் வகுப்பில் பார்த்தது. டீச்சர் சொன்னார்: "கணக்கு நோட்டை எடுத்து, இன்னைக்குத் தேதி போட்டுட்டு, புத்தகத்துல 42ஆம் பக்கம் மூணாவது கணக்கப் போடுங்க." கடைசி வரிசைப் பையன் நோட்டை எடுத்தான். எடுத்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தான். அவள் தேதி எழுதியதும் எழுதினான். அவள் புத்தகத்தைத் திறந்ததும் திறந்தான், ஆனால் அவன் திறந்தது தமிழ்ப் புத்தகம். "கவனமே கிடையாது சார் இவனுக்கு" என்றார் டீச்சர். கவனம் இல்லாதவன் அடுத்தவள் கையை அப்படி உற்றுப் பார்ப்பானா? மூன்று கட்டளைகளில் முதலாவது மட்டும்தான் அவனுக்கு எட்டியிருக்கிறது. மீதியை ஒப்பேற்றக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

காதுக் கோளாறோ ஆட்டிசமோ அறிவு வளர்ச்சிக் குறைவோ எதுவும் இல்லாமல் மொழி மட்டும் பின்தங்குவதை மொழி வளர்ச்சிக் குறைபாடு என்கிறார்கள். பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளில் சுமார் 7 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. 30 பேர் வகுப்பென்றால் இரண்டு பேர். ஆட்டிசம் தெரிந்த அளவுக்கு இந்தப் பெயர் நம் ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை. "மந்தம்", "சோம்பேறி", "வீட்ல கவனிக்கிறதில்ல" என்ற மூன்றில் ஒன்று இவர்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்டுவிடும்.

அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாராம். காத்திருந்து பார்க்கலாமா?

இந்த வாக்கியத்தை மாமியார்களிடமிருந்து நூறு முறையாவது கேட்டிருப்பேன். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருந்தால் அதைச் சீக்கிரம் காட்டுவதற்கான காரணமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வயதையொட்டி முதல் வார்த்தை வரும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தைகள் சேரும். இரண்டு வயதாகியும் வார்த்தைகள் சேரவில்லை என்றால் காட்டுங்கள். எந்த வயதானாலும், வந்த பேச்சு நின்றுபோனால் அன்றே காட்டுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சொன்னால், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். இந்த மையங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும்.

காது நன்றாகக் கேட்கிறது. கதவு தட்டினால் திரும்புகிறான். பிறகு எதற்குக் காது டெஸ்ட்?

கதவுச் சத்தமும் பேச்சும் ஒன்றில்லை. 'ச', 'ஸ்', 'த', 'ப' போன்ற ஒலிகள் மெல்லியவை. ஓரளவு கேட்கும் பிள்ளைக்கு இவை மட்டும் உதிர்ந்துபோய், மீதி கேட்கும். அதோடு, சின்னப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது. சில வாரங்கள் காது மந்தமாகும், பிறகு தெளியும், மறுபடி கோக்கும். மழைக்காலத்தில் மட்டும் "சொன்ன பேச்சு கேட்காத" பிள்ளைகளை எனக்குத் தெரியும். பேச்சில் எப்படிப்பட்ட சிரமமானாலும் முதல் படி ஆடியோகிராம் என்ற காது டெஸ்ட்தான். உட்கார ஒத்துழைக்காத குழந்தைக்கு, தூங்கும்போது பார்க்கும் பெரா டெஸ்ட் இருக்கிறது.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு 6 வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழியுண்டு. ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வேலை தொடங்குவதே அப்போதுதான். கேட்கும் சத்தம் எதுவென்று அந்தக் குழந்தை ஒவ்வொன்றாகப் பழக வேண்டும், அதுவும் மின்விசிறி கடகடக்கும் வகுப்பறையில்.

வீட்டில் வாய் ஓயாது. பள்ளியில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். திமிரா?

பயம். தெரிவுசார் பேசாமை என்று இதற்குப் பெயர். பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது, ஏதோ அவளாகத் தெரிவு செய்து வாயை மூடிக்கொண்டது போல. உண்மையில் அந்த இடத்தில் தொண்டை இறுகிவிடுகிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் பேசாமல் இருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

"குட்மார்னிங் சொன்னாத்தான் உள்ள விடுவேன்" என்று வாசலில் நிறுத்துவது, "பேசினா சாக்லேட்" என்பது, என்றாவது ஒரு வார்த்தை பேசியதும் வகுப்பே கைதட்டுவது, மூன்றும் நிலைமையை மோசமாக்கும். கைதட்டல்கூடவா என்று கேட்பீர்கள். எல்லார் கண்ணும் தன் மேல் விழும் என்பதுதானே அவளுடைய பயமே.

பலன் தருவது படிப்படியான வழி. பள்ளி விட்டபின் காலி வகுப்பில் அம்மாவும் அவளும் மட்டும் உட்கார்ந்து தாயமோ பல்லாங்குழியோ விளையாட வேண்டும். குரல் வரும். சில நாள் கழித்து டீச்சர் கதவோரம் ஏதோ வேலையாக வந்து போக வேண்டும், அவளைப் பார்க்காமல். பிறகு உள்ளே, பிறகு பக்கத்தில், பிறகு ஆட்டத்தில் ஒரு கை. அம்மா மெல்ல விலகிக்கொள்வார். இதற்கு மாதங்கள் ஆகும். நடுவில் ஆர்வக்கோளாறில் யாராவது "எங்க, சொல்லு பாக்கலாம்" என்றால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

இங்கிலீஷ் மீடியத்தில் போட்டதால்தான் பேச்சு வரவில்லையா? வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார்களே?

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. வீட்டு மொழி எதுவோ அதில்தான் அம்மா இயல்பாகக் கொஞ்சுவார், திட்டுவார், கதை சொல்லுவார். அதைப் பிடுங்கிவிட்டு அரைகுறை இங்கிலீஷில் "கம், ஈட், சிட்" என்று பேசினால் பிள்ளைக்கு ஒரு மொழியும் முழுதாகக் கிடைக்காது.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பிள்ளை, திருப்பூரில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளை, ஓசூரில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளை, இவர்கள் வகுப்பில் அமைதியாக இருந்தால் உடனே குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள். வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறான் என்று பெற்றோரிடம் கேளுங்கள். அங்கே சரளம் என்றால் தமிழ் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அங்கேயும் தடுமாற்றம் என்றால்தான் நம்மிடம் அனுப்ப வேண்டிய பிள்ளை.

திக்கிப் பேசும் பிள்ளையை வாசிக்கச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

அவனிடமே தனியாகக் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் எழுப்புவது கொடுமை. ஒருபோதும் எழுப்பாமல் விடுவதும் "உன்னால் முடியாது" என்று சொல்வது மாதிரிதான்.

திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தானாகப் போய்விடுகிறது. ஆண்பிள்ளைகளிடம் அதிகம், குடும்பத்தில் வரும் தன்மையும் உண்டு. பயமுறுத்தியதால் வந்தது, திக்குபவனைப் பார்த்துப் பழகியது என்பதெல்லாம் கட்டுக்கதை. "மெதுவாப் பேசு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்பது அக்கறையில் சொல்வதுதான், ஆனால் உதவாது. அவன் வார்த்தையை நீங்கள் முடித்து வைப்பது அதைவிட மோசம். முகத்தைப் பார்த்து, அவன் என்ன சொல்கிறான் என்பதைக் கேளுங்கள், எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டுவிட்டு.

பலர் யோசிக்காத ஓர் இடம் வருகைப் பதிவு. திக்கும் பிள்ளைகள் சிக்கும் வார்த்தையைச் சாமர்த்தியமாக மாற்றிவிடுவார்கள். 'பேனா' வராவிட்டால் "எழுதுறது குடு" என்பார்கள். "உள்ளேன் ஐயா"வை மாற்ற முடியாது. தன் பெயரையும் மாற்ற முடியாது. ஒரு ஏழாம் வகுப்புப் பையன் தினமும் வருகைப் பதிவு முடிந்த பிறகே வகுப்புக்குள் வருவான். தாமதத்துக்காக முட்டி போடுவது அவனுக்கு 'உ'வில் நிற்பதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. கையைத் தூக்கினால் போதும் என்று வகுப்பு முழுவதற்கும் ஆசிரியர் மாற்றினார். மறுவாரத்திலிருந்து மணி அடிக்கும்போதே வகுப்பில் இருந்தான்.

இன்னொன்று, கூட்டமாக வாசிக்கும்போதும் பாடும்போதும் பெரும்பாலோருக்குத் திக்குவதில்லை. எனவே ஜோடியாக வாசிக்க விடுங்கள். ஒருவனுக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லாரையும் ஜோடியாக.

40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக என்ன செய்ய முடியும்?

நியாயமான கேள்வி. பதிவேடு, எமிஸ் என்ற இணையப் பதிவு, பயிற்சி என்று ஆசிரியர் தலையில் இருப்பது எனக்கும் தெரியும். அதனால் கூடுதல் வேலை வைக்காதவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சும்மா இருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கணக்குப் பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மொழிச் சிரமம் உள்ள பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள். ரொம்ப நீளமாகத் தெரியும். நான் முதலில் நாலைத் தாண்டவே இல்லை.

கட்டளையை உடைத்துச் சொல்லுங்கள். நோட்டை எடுக்கச் சொல்லி, எடுத்ததும் தேதி. பக்க எண்ணைச் சொல்லும்போதே கரும்பலகையில் எழுதிவிடுங்கள், காதில் விட்டதைக் கண் பிடிக்கும். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் ராகம் போடும். "முதல்ல என்ன செய்யப் போற?" என்று கேளுங்கள்.

பதில் வராத பிள்ளைக்குக் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "இலை எதுக்குப் பயன்படுது?" என்பதில் நின்றுவிட்டால், "உணவு தயாரிக்கவா, தண்ணி உறிஞ்சவா?" என்று இரண்டு கொடுங்கள். அதுவும் வராவிட்டால் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதும் பதில்தான்.

தப்பாகச் சொன்னால் திருத்தாமல், சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள். "நேத்து பாட்டி வருது, மாம்பழம் குடுக்குது" என்றால், "ஓ, பாட்டி வந்தாங்களா? மாம்பழம் குடுத்தாங்களா?" என்று கேட்டால் போதும். "சரியாச் சொல்லு" என்றால் அடுத்த முறை மாம்பழக் கதையே வராது.

அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதில் ஒரு சிக்கல் பார்க்கிறேன். பேச வராத பிள்ளை வாய்மொழிக் கேள்வியில் தோற்றுக் கணக்கிலும் அரும்பிலேயே நிற்கிறான், மனக்கணக்கில் புலியாக இருந்தாலும். அவனுக்கு எழுதியோ பொருளை அடுக்கியோ காட்ட இடம் கொடுத்துவிட்டு மதிப்பிடுங்கள்.

'ர' வரவில்லை. 'மரம்' என்பதை 'மலம்' என்கிறான். வகுப்பே சிரிக்கிறது.

'ர', 'ழ', 'ற' எல்லாம் கடைசியில் வந்து சேரும் ஒலிகள். ஐந்து வயதில் கவலை வேண்டாம். ஏழு, எட்டு வயதிலும் அப்படியே இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டலாம், இது ஓரளவு சுலபமாகச் சரியாகும் வகை. 'ழ'வைப் பொறுத்தவரை, "வாளப்பளம்" என்று சொல்லும் பெரியவர்கள் பிள்ளையைத் திருத்தும் காட்சியை ரசித்துவிட்டுப் போவது என் வழக்கம். சிரிப்புக்கு வருவோம். அவன் இல்லாத நேரத்தில் வகுப்பில் பேசுங்கள், ஒரே ஒரு முறை. தினமும் அறிவுரை சொன்னால் அவன் பெயர் அந்தக் குறையோடு ஒட்டிக்கொள்ளும்.

தேவையைத் தொட்டுக் காட்டப் படஅட்டையும் டேப்லெட் கருவியும் கொடுத்தால் பேசவே சோம்பல்படமாட்டானா?

இந்தப் பயம் எல்லா அம்மாக்களுக்கும் வருகிறது. ஆய்வுகளில் தெரிந்தது இதற்கு நேர்மாறு. படமோ கருவியோ பேச்சைக் கெடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. தன் தேவையைச் சொல்ல ஒரு வழி கிடைத்ததும் கடிப்பதும் தரையில் புரள்வதும் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் படத்தைத் தொட்டால் குரல் வரும். அதெல்லாம் வேண்டாம் என்றால் காலண்டர் அட்டையில் தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, போதும் என்று நாலு படம் ஒட்டுங்கள். 'போதும்' முக்கியம், எல்லாரும் மறப்பது அதைத்தான். அட்டை பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், டீச்சர் அலமாரியில் அல்ல.

வசம்பு, நாக்கு நரம்பு வெட்டுதல், கோயில் நேர்த்தி?

சீர்காழிப் பக்கம் திருக்கோலக்காவுக்குப் போய் ஓசை கொடுத்த நாயகியிடம் வேண்டிக்கொண்டு வரும் குடும்பங்கள் நிறைய. போய் வாருங்கள், திரும்பும் வழியில் காது டெஸ்டையும் முடித்துக்கொண்டு வாருங்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிப் பேச்சு வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதைத் தேனில் குழைத்து ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. நாக்கடி நரம்பு ஒட்டியிருந்தால் சில ஒலிகளில் தடங்கல் வரலாம், பேச்சே தாமதமாவதற்கு அது காரணமில்லை.

சர்டிபிகேட் இருந்தால்தான் பள்ளியில் உதவி கிடைக்குமா? சேர்க்க மறுத்தால்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. காது கேளாமை, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. "எங்க ஸ்கூல் இவனுக்குச் சரிப்படாது" என்று வாயால் சொல்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சுருதி இறங்கும்.

ஆனால் ஓர் ஓட்டை. சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை உறுப்பு அல்லது நரம்புக் காரணங்களால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று வரையறுக்கிறது. திக்கும் பிள்ளையும் மொழி மட்டும் பின்தங்கிய பிள்ளையும் பல நேரம் இதற்குள் வருவதில்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்று தேவை, அதைப் பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே ஆரம்பித்துவிடுங்கள். வகுப்பில் பத்து விநாடி காத்திருக்க எந்தச் சான்றும் தேவையில்லை.

ஸ்பீச் தெரபி எங்கே கிடைக்கும்?

வட்டார வள மையம், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் முதலில் கேளுங்கள். சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மைசூரில் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்காதீர்கள், உண்மையானவர் கோபப்பட மாட்டார். "மூணு மாசத்துல பேச வைப்பேன்" என்று உத்தரவாதம் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்வது?

"இது என்ன? இது என்ன கலர்?" என்ற பரீட்சையை நிறுத்துவது. கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்து, கை செய்வதை வாய் சொல்லட்டும்: "காம்பைக் கிள்ளறேன். இது பழுத்த இலை, வேண்டாம். இது நல்ல இலை, இதுல போடு." அவன் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் இரண்டாக்கிக் கொடுங்கள். அந்த அரை மணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்.

முன்னேற்றம் தெரிய எவ்வளவு நாள் ஆகும்?

நாள் சொல்ல முடியாது. மார்க்கில் தேடாதீர்கள், அது கடைசியில்தான் தெரியும். ஒரு குயர் நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என் நோட்டில் ஓர் ஒன்றாம் வகுப்புப் பெண்ணின் பக்கம் இருக்கிறது. ஜூனில்: தண்ணீர் பாட்டிலைக் கைகாட்டினாள். ஆகஸ்டில்: டீச்சரின் சேலையை இழுத்துக் காட்டினாள். டிசம்பரில்: "தண்ணி." பிப்ரவரியில் ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது டீச்சர் வாசலுக்கே ஓடி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. என்னவென்றால், அன்று காலை அவள் எழுந்து நின்று புகார் சொல்லியிருக்கிறாள்: "டீச்சர், இவன் என் ரப்பர எடுத்துட்டான்."